ஏழாவது தளம் வாடகைக்கு

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது, வரவேற்பு மேசைக்குப் பின்னால் காவலாளி கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார்.

“என்ன சாவி சார், இன்னைக்கும் பார்ட்டியா?”

“ஆமா. ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி.”

“வரட்டும், வரட்டும். வந்து பாத்துட்டு, யோசிச்சு சொல்றோம்னு போகட்டும். ஏழாவது மாடி எங்க ஓடிடப் போகுது?”

இடுப்பில் தொங்கும் சாவிக் கொத்தால் அவனுக்கு அந்தப் பெயர். கட்டடம் கட்டும் நிறுவனத்தில் அலுவலக இடங்களை வாடகைக்கு விடுவது அவன் வேலை. நகரம் அந்தப் பக்கமாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் கிரேன்கள் நின்றன. நேற்றுவரை வானம் தெரிந்த இடத்தில் இன்று கண்ணாடி தெரிந்தது. இந்தக் கட்டடத்தில் எல்லாத் தளங்களும் நிரம்பிவிட்டன. நிரப்பியது அவன்தான். ஏழாவது தளம் மட்டும் மிச்சம்.

லிஃப்ட் கதவு திறந்ததும் சிமெண்டு வாடை முகத்தில் அடித்தது. காலித் தளத்துக்கென்று சில வேலைகள் உண்டு. யாரும் புழங்காத கழிவறைகளில் வடிகால் குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடை நாற்றம் மேலேறி வரும். ஆள் வருவதற்கு முன்பே போய் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். குழாயைத் திறந்தால் முதலில் செருமும், பிறகு துப்பும், அப்புறம் துரு நிறத்தில் ஒழுகும். தெளியும்வரை நிற்க வேண்டும். ஜன்னல் விளிம்பில் புறா விட்டுப் போனதைத் துடைக்க வேண்டும். இடம் காலியாக இருக்கலாம், கைவிடப்பட்டதாகத் தெரியக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அவன் ஒன்று செய்வான். கதவைச் சாத்திவிட்டு அசையாமல் நிற்பான்.

அந்தத் தளத்தில் சுவிட்சுகள் கிடையாது. ஆள் நடமாடினால் விளக்கு தானாக எரியும், நடமாட்டம் நின்றால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அவன் தலைக்கு மேலிருந்த வரிசை அணையும்வரை கையைக்கூட அசைக்காமல் நின்றான். எதிர்க் கட்டடம் எழும்பியதிலிருந்து அங்கே பட்டப்பகலிலும் பாதி இருட்டுத்தான். தூண்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாகத் தெரிந்தன. கீழே வண்டிகளின் இரைச்சல், எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல் கேட்டது.

விளக்கு அணைந்தது.

நின்றான்.

அந்தக் கோடியில் ஒரு வரிசை எரிந்தது.

அதற்கடுத்த வரிசை.

அடுத்தது.

வெறும் சிமெண்டுத் தரையில் ரப்பர் காலணி கிறீச்சிடும் ஒலி. அது ஓடி வந்தது, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றது. மூச்சிரைப்பு. பிறகு, அந்த மூச்சிரைப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம். கூடவே ஆரஞ்சுச் சுவை சேர்த்த காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாடை.

“எலி,” என்றான் அவன், தொண்டைக்குள்ளேயே. “அப்பா வந்திருக்கேன்டா.”

தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. எப்போதும்போல.

*

மகளுக்கு எலி என்று செல்லப்பெயர் வைத்தவன் அவன்தான். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், சோபாவுக்கு அடியில், துவைக்கப் போட்ட துணிக் குவியலுக்குள். மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் வேலை. மதியம் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பள்ளி விட்டதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால் அவன் கூட்டிக்கொண்டு அலைந்தான்.

அந்தச் சமயத்தில் இந்தக் கட்டடம் புதிது, ஏழாவது தளத்தைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது மைதானம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவாள். தனக்கு முன்னால் விளக்குகள் எரிந்துகொண்டே போவதைப் பார்த்துக் கத்துவாள். “அப்பா, நான் வர்றது லைட்டுக்கு எப்படிப்பா தெரியுது?”

ஆனால் வாடகைக்கு வருகிறவர்கள் முன்னால் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். எனவே அவன் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தான். லிஃப்ட் மணி கேட்டதும் அவள் ஒளிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் இருக்கும்வரை அசையக் கூடாது, சத்தம் வரக் கூடாது. அவர்கள் போனதும் அப்பா வந்து தேடுவான். கண்டுபிடித்து, உச்சந்தலையில் கை வைத்து, “எலி மாட்டிக்கிச்சு!” என்று கத்துவான். அதற்கு முன் அவள் வெளியே வரவே கூடாது.

அவள் வந்ததே இல்லை. ஒருமுறை வந்த கூட்டம் போகாமல் வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தது. எல்லோரையும் வழியனுப்பிவிட்டு அவன் தேடிப் பிடித்தபோது, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் வியர்வையில் நனைந்து, தூங்காமல், வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். “நான் இருமலே வந்தாலும் இருமலப்பா,” என்றாள் பெருமையாக.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். ஆரஞ்சு மருந்தை மனைவியே கொண்டுவந்து ஊற்றினாள். பிறகு வார்டு. பிறகு ஊசிகள், குழாய்கள், கட்டிலைச் சுற்றி நின்று மெதுவாகப் பேசிக்கொண்ட டாக்டர்கள்.

கடைசி நாளில் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஆளுங்க போயிட்டாங்களாப்பா?”

முனகிக்கொண்டே இருந்த குழந்தை. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளைச் சமாதானப்படுத்த வேறு வார்த்தை அவனிடம் இல்லை.

“இன்னும் இல்லடா. சத்தம் போடாம இரு. அப்பா வரேன்.”

முனகல் நின்றது. அதன் பிறகு அவள் சத்தம் போடவே இல்லை.

*

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தாள், நிர்வாகத் தலைவி. குள்ளமான உருவம், ஓட்டப்பந்தயக் காலணி. கூடவே, தூணைத் தூணைத் தட்டிப் பார்க்கும் ஒரு இளம் எஞ்சினியர். கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி காரை எங்கே நிறுத்துவது, இரண்டாவது கழிவறை எத்தனை. இவள் இரண்டையும் லிஃப்டிலேயே கேட்டுவிட்டாள்.

அவன் கதவைத் திறந்தான். விளக்குகள் எரிந்தன. தளம் மூச்சுவிடாமல் இருந்தது.

“நல்லா விசாலமா இருக்கே,” என்றாள் மேடம்.

“விசாலம்தான். ஆனா வெளிச்சம் கம்மி மேடம். எதிர்ல பில்டிங் வந்துடுச்சு.”

“எங்க பசங்க ஸ்கிரீனத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாங்க.”

“காலையில லிஃப்ட்ல நெரிசல் ஜாஸ்தி.”

“அப்படியாவது நடந்து ஏறட்டும். உக்காந்து உக்காந்து ஒவ்வொருத்தனும் மூட்டையாட்டம் ஆயிட்டான்.” எஞ்சினியர் தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் இவன் பக்கம் திரும்பினாள். “என்ன சார் நீங்க? வாடகைக்கு விடறவரே வேண்டாம் வேண்டாம்னு சொல்ற எடத்த இப்பதான் பாக்கறேன். நீங்க யார் கட்சி?”

அவன் சிரிக்க முயன்றான்.

மேடம் பேசிக்கொண்டே நடந்தாள். மேசைகள் இங்கே, மீட்டிங் அறை அங்கே, காபி மெஷின் இந்த மூலையில். கோடித் தூணுக்கு அருகில் போனதும் பேச்சு நின்றது.

கையை லேசாக உயர்த்தினாள். எஞ்சினியர் தட்டுவதை நிறுத்தினான்.

“இங்க யாராவது இருக்காங்களா?”

“இல்லையே மேடம்.”

“யாரோ மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு.” தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். “பக்கத்துலயே.”

“ஏசி டக்ட் சத்தமா இருக்கும் மேடம்,” என்றான் எஞ்சினியர்.

“டக்டே இன்னும் போடலயேப்பா.”

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். கூரையில் கம்பிகள் மட்டும் தெரிந்தன.

அவனுக்கு மட்டும் தெரிந்தது. தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஒரு சின்ன மார்பு காற்றை அடக்கிக்கொண்டு வலிக்க வலிக்கக் காத்திருப்பது. போங்க, போயிடுங்க என்று மனசுக்குள் கத்தினான். குழந்தைக்கு மூச்சு முட்டுது, போங்க.

மேடம் தோளைக் குலுக்கிக்கொண்டாள். “எங்க ஆளுங்க வந்து கத்த ஆரம்பிச்சா இதெல்லாம் எதுவும் கேக்காது. எடம் எனக்குப் பிடிச்சிருக்கு.”

மறுநாள் முதலாளி போன் செய்தார். “போயிடுச்சுப்பா ஏழாவது மாடி! முழுசா, பத்து வருஷத்துக்கு! அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இவ்வளவு நேர்மையான ஆள எங்கயும் பாத்ததில்லன்னு. ஏன்டா, உண்மையச் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்? பரவால்ல, வேலை செஞ்சிருக்கு.”

அவன் போனைக் கையில் பிடித்தபடி நின்றான். போயிடுச்சு என்ற சொல் காதுக்குள் நின்றுகொண்டது.

*

வீட்டில் பேச்சு குறைந்து வெகுகாலமாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் உப்பு, கரண்ட் பில், நாளைக்கு மழை வருமா. அதற்குமேல் போவதில்லை.

அன்று அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபோது, மனைவி அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

“ஏங்க.”

“ம்.”

“இதுல அவ மருந்து வாசனை வருது.”

“ஆஸ்பத்திரியில உன் மேல ஒட்டியிருக்கும்.”

“நான் நாள் பூரா மருந்துக்கு நடுவுல நிக்கறவ. எனக்குப் போய்க் கதை சொல்றீங்களா?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். சொன்னான். விளக்குகள், காலணிச் சத்தம், தூண். சொல்லி முடிக்கும்வரை அவள் சட்டையை விடவில்லை. அழவும் இல்லை.

“எவ்வளவு நாளா?”

“வேலைக்குத் திரும்பினதுலேர்ந்து.”

“நான் இங்க ஒவ்வொரு நாளும் அவ தலகாணியக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். எங்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல?”

அவளிடம் சொன்னால் மகளைப் பங்கு போட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஏழாவது தளத்தில் அவன் கதவைச் சாத்தினான். இருவரும் அசையாமல் நின்றார்கள். விளக்கு அணைந்தது.

கோடியில் ஒரு வரிசை எரிந்தது.

அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில் அழுந்தின.

அடுத்த வரிசை. அடுத்தது. காலணி கிறீச்சிட்டு வந்து, நாலைந்து தூண்களுக்கு அப்பால் நின்றது. அடக்கமுடியாத ஒரு சிரிப்பு, கைக்குள் பொத்தப்பட்ட சிரிப்பு, ஒரு கணம் பிதுங்கி வெளியே வந்தது.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவ விளையாடிட்டிருக்கா.”

“தெரியும்.”

“தெரியாது. அவளுக்கு இன்னும் ஆட்டம் முடியல. வார்டுல நீங்கதான் சத்தம் போடாம இருன்னு சொன்னீங்க. வரேன்னு சொன்னீங்க. அவ இன்னும் அதத்தான் செஞ்சிட்டிருக்கா.”

“நான் தினம் தேடறேன்.”

“நீங்க தேடல. இருக்காளான்னு பாத்துட்டு, இருக்கான்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடறீங்க.” அவள் குரல் உயரவில்லை. “இந்தக் கம்பெனிக்காரங்க வந்துட்டா காலையிலேர்ந்து ராத்திரிவரைக்கும் இங்கயேதான் இருப்பாங்க. நாளைக்கும் இருப்பாங்க. அடுத்த வருஷமும் இருப்பாங்க. ஆளுங்க இருக்கற வரைக்கும் என் பொண்ணு மூச்ச அடக்கிக்கிட்டு ஒளிஞ்சிருப்பா. எவ்வளவு நேரம் இருப்பா? நீங்க சொன்னா அவ இருமக்கூட மாட்டா.”

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவன் யோசித்ததே இல்லை. தளம் நிரம்பினால் மகள் போய்விடுவாள் என்றுதான் இத்தனை நாள் பயந்தான். போகமாட்டாள் என்பது அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

“என்ன செய்யணும்?”

“கண்டுபிடிங்க. தலையில கை வச்சு சொல்லுங்க. அவ வீட்டுக்குப் போகட்டும்.”

எந்த வீட்டுக்கு என்று அவன் கேட்கவில்லை.

*

சாவியை ஒப்படைப்பதற்கு முந்தைய மாலை இருவரும் வந்தார்கள். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கதவருகே நின்றாள், அவன் நடந்தான்.

“எலி!” என்று உரக்கக் கூப்பிட்டான். பழைய குரலில், பழைய ராகத்தில். “ஆளுங்க எல்லாரும் போயாச்சு! அப்பா தேட வரேன்!”

எதிரொலி தூண்களுக்கிடையே உருண்டு போய் நின்றது.

அவன் தலைக்கு மேல் மட்டும் விளக்கு எரிந்தது. நடக்க நடக்க முன்னால் எரிந்தது, பின்னால் அணைந்தது.

முதல் தூண். இல்லை.

மின்சார அறைக் கதவுக்குப் பின்னால். இல்லை.

எங்கோ இடப்புறம் ஒரு வரிசை எரிந்தது. திரும்பினான். வலப்புறம் எரிந்தது. சிரிப்பு இல்லை இப்போது. ஓட்டமும் இல்லை. மெதுவாக, மிக மெதுவாக, காலணியின் விளிம்பு தரையில் உரசும் சத்தம். அப்பா நிஜமாகவே தேடுகிறான் என்று எலிக்குத் தெரிந்துவிட்டது.

மருந்து வாடை கனத்தது.

கோடித் தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஒரு பெரிய ஆள் நுழைய முடியாத சந்து. அதன் முன்னால் நின்றான். உள்ளே இருட்டு மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் அவன் முகம், அதற்கப்பால் ஊரின் விளக்குகள்.

கண்ணாடியில், அவன் இடுப்பு உயரத்தில், ஒரு இடம் மூச்சு பட்டதுபோல் மங்கியிருந்தது.

மங்கல் சுருங்கியது.

மறுபடி பரவியது.

அவன் குனிந்து, கையை உள்ளே நீட்டினான். குளிர்ந்த காற்றைத்தான் எதிர்பார்த்தான்.

சுட்டது.

தலைமுடி. நனைந்து, நெற்றியோடு ஒட்டிப்போன முடி. அதன் கீழே கொதிக்கும் தலை. வார்டில் கடைசியாகத் தொட்டபோது இருந்த அதே சூடு, கொஞ்சங்கூடக் குறையாமல். தலை அவன் உள்ளங்கைக்குள் மெல்ல நிமிர்ந்தது. மேலே பார்க்கிறாள். அவன் கத்தப் போவதற்காகக் காத்திருக்கிறாள். அவள் உடம்பு முழுக்க அந்தச் சந்தோஷம் நடுங்குவது கையில் தெரிந்தது.

எலி மாட்டிக்கிச்சு என்ற இரண்டு சொற்கள்தான். சொல்லிவிட்டால் உள்ளங்கைக்குக் கீழே இது இருக்காது.

“இருக்காளா?” என்று மனைவி கதவருகிலிருந்து கேட்டாள். “ஏங்க, இருக்காளா?”

அவன் வாயைத் திறந்தான்.

நகரத்தில் எங்கோ ஒரு கிரேனின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

“இல்ல,” என்றான். “இங்க இல்ல.”

கைக்குக் கீழே அந்த நடுக்கம் நின்றது. தலை மெல்லக் குனிந்துகொண்டது. அவளுக்கு ஏமாற்றம் இல்லை. அப்பா இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆட்டம் தொடர்கிறது. முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் சின்னதாகச் சுருங்கிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவன் கையை எடுத்துவிட்டு எழுந்து நடந்தான். திரும்பிப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்தான். விளக்குகள் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

“வாசனையே இல்ல,” என்றான் மனைவியிடம். “போயிட்டா போல. நாம கூப்பிட்டது போதும்போல.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் மார்பில் சாய்ந்து, அந்த மழைக்காலத்துக்குப் பிறகு முதன்முறையாக, சத்தம் போட்டு அழுதாள்.

*

கம்பெனி குடியேறியது. தரைக்குக் கம்பளம், கூரைக்குப் பலகை, தூண்களுக்கு மஞ்சளும் நீலமும். கோடிச் சந்தில் ஒரு பூந்தொட்டி வைத்தார்கள். விளக்குகள் நாள் முழுக்க எரிந்தன. அவன் எப்போதாவது ஏதாவது கையெழுத்துக்காக மேலே போக வேண்டியிருந்தது. கீபோர்டு சத்தம், போன், சிரிப்பு, காபி மணம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவான். எதுவும் கேட்காது. கேட்காதது எதனால் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி இரவில் தூங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் துணிகளை மடித்துப் பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தைக்குக் கொடுத்தாள். “அவதான் போயிட்டாளே, இனிமே இது எதுக்குங்க?” என்றாள். சாப்பிடும்போது சில சமயம் சிரிக்கவும் செய்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

குளிர்காலத்தின் ஒரு மதியம், கட்டடத்தில் தீயணைப்பு ஒத்திகை. சங்கு ஊதியதும் எல்லாத் தளங்களிலிருந்தும் ஆட்கள் படியில் இறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். கட்டடத்தின் சார்பில் அவனும் நின்றான். வெயில் இல்லை, வானம் ஈயம்போல் இருந்தது. மேடம் தன் ஆட்களைத் தலை தலையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் வந்தாச்சு. ஏழாவது மாடி கிளியர்!”

“மேடம், நெஜ தீ வந்தா நான் என் லேப்டாப்போடதான் சாவேன்,” என்றான் தொப்பைக்கார எஞ்சினியர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு நடுவில் ஒரு பெண் அண்ணாந்து பார்த்தாள். “மேடம், நம்ம மாடியில லைட்டு எரியுது.”

“கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும்மா.”

“ஆஃப் ஆயிடுச்சு மேடம். இப்ப மறுபடி எரியுது.”

அவன் தலையைத் தூக்கினான்.

ஏழாவது தளத்தின் ஒரு கோடியில் ஒரு ஜன்னல் வெளிச்சமாக இருந்தது. பிறகு அடுத்த ஜன்னல். அடுத்தது. வெளிச்சம் கட்டடத்தின் குறுக்கே ஓடியது, முனையில் நின்றது, திரும்பி ஓடியது. கை கால் நீட்ட இடமில்லாமல் வெகுகாலம் உட்கார்ந்திருந்த ஒன்று ஓடுவதுபோல் ஓடியது.

“யாருப்பா அது, இன்னும் மேல? செக்யூரிட்டியா?”

“நான் இங்கதான் நிக்கறேன் மேடம்,” என்றார் காவலாளி.

யாரும் சிரிக்கவில்லை. ஓடிய வெளிச்சம் நடுவில் நின்றது, அவன் நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே. அங்கேயே நின்றது. எட்டிப் பார்ப்பதுபோல்.

ஆளுங்க போயிட்டாங்க. அப்பா வருவாங்க.

சங்கு இரண்டாம் முறை ஊதியது. ஒத்திகை முடிந்தது. கூட்டம் கலைந்து லிஃப்டுகளை நோக்கி நகர்ந்தது.

“நில்லுங்க!” அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “கொஞ்ச நேரம் நில்லுங்க, நான் போயிட்டு வந்துடறேன். தயவுசெஞ்சு யாரும் மேல போகாதீங்க!”

“என்ன சார், மீட்டிங் இருக்கு சார்,” என்று யாரோ தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவன் படியில் ஏறினான். நெஞ்சு வெடிக்க ஏறினான். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும், சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது தளத்தின் கதவைத் தள்ளியபோது முதல் லிஃப்ட் அவனை முந்திவிட்டிருந்தது. ஆட்கள் இருக்கைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணினிகள் விழித்துக்கொண்டன.

“யாரு என் சீட்ல உக்காந்தது?” என்று நடுவரிசையில் ஒரு பெண் நாற்காலியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். “கொதிக்குது!”

அவன் மண்டியிட்டான். அந்த மேசைக்கு அடியில் பார்த்தான். அடுத்த மேசைக்கு அடியில். கால்கள், ஒயர்கள், குப்பைக் கூடை. பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“சாவி சார்?” என்றாள் மேடம் மெதுவாக. “என்ன சார் தேடறீங்க?”

அவன் தரையில் கையை ஊன்றியபடி நிமிர்ந்தான். அத்தனை பேருக்கு முன்னால், அந்த இரண்டு சொற்களைக் கத்துவதற்காக வாயைத் திறந்தான்.

சுடுகிற ஒரு சின்ன விரல் வந்து அவன் உதடுகளின் மேல் குறுக்காக நின்றது.

“ஷ்ஷ்,” என்றது காதருகே மூச்சு. “ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்கப்பா. நீங்க போங்க. நான் இருந்துக்கறேன்.”